வாய்க்குள் பேயோடு மந்திரம் சொன்ன மாப்பிள்ளை

மனுஷனுக்குச் சந்தோஷம் வரலாம், தப்பில்லை. ஆனால் ரெண்டு பெரிய சந்தோஷம் ஒரே சாயங்காலம் ஒரே வாசலில் வந்து நிற்கக் கூடாது. நின்றால் என்ன ஆகும் என்பதற்கு, திண்டுக்கல்லில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்தோணி ஆகிய நானே சாட்சி. (மூக்குக் கண்ணாடி. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. அன்றைக்கு என் முகத்தை நானே ஒரு தடவை பார்த்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.)

முதல் சந்தோஷம் ஜெனிட்டா. சின்னாளபட்டியில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போன அன்றைக்குக் காபியை நீட்டிவிட்டு, "உங்க கண்ணாடியில கைரேகை இருக்கு, தொடைச்சுக்கங்க" என்றாள். கண்ணாடிக் கடைக்காரனிடம்! நான் அந்த நிமிஷமே காலி. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இந்தப் பொண்ணு இல்லைன்னா நான் சாமியாராப் போயிருவேன்" என்றேன். "உன்னைய அங்க எவன் சேத்துக்குவான்" என்று அம்மா வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ரெண்டாவது சந்தோஷத்துக்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும். என்னிடம் டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு கேம் பெட்டி இருந்தது. கம்பெனிப் பெயர் வேண்டாம். குடும்பத்தோடு உட்கார்ந்து விளையாடலாம், ஒரு கெட்ட காட்சி வராது என்று பெயர் வாங்கிய பெட்டி. அதில் யாரும் சாக மாட்டார்கள். மலையிலிருந்து விழுந்தால்கூட 'டொய்ங்' என்று எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். நான் அதில் தக்காளி நட்டேன், மீன் பிடித்தேன், பக்கத்து வீட்டு முயலுக்குப் பிறந்தநாள் கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாடிக்கொம்புப் பக்கம் எங்களுக்கு நிஜமாகவே ஒன்றரை ஏக்கர் தக்காளித் தோட்டம் இருக்கிறது. "அங்க ஒருநா மம்பட்டி பிடிச்சதில்ல, இங்க டிவிக்குத் தண்ணி பாய்ச்சுறான்" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் சிநேகிதன் பாண்டியிடம் வேறு கம்பெனிப் பெட்டி. கறுப்பாக, கர்ஜித்துக்கொண்டு கிடக்கும். வாரா வாரம் போன் பண்ணுவான். "ஏலே அந்தோணி, நேத்து ஒத்தை ஆளா ஒரு பட்டாளத்தையே காலி பண்ணுனேன். நீ என்ன பண்ணுன?"

"கத்திரிக்கா பறிச்சேன்டா."

அவன் சிரிக்கிற சிரிப்பில் எனக்கு மானம் மரியாதை எல்லாம் போகும். எல்லோருக்கும் ரத்தம், துப்பாக்கி, பேய், பிசாசு. எனக்கு மட்டும் முயல்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. கடையில் ஒரு பெரியவருக்குக் கண் சோதனை பண்ணிக்கொண்டிருந்தேன். போன் மினுங்கியது. எங்கள் பெட்டிக்கும் இனிமேல் பெரியவர்களுக்கான கேம்கள் வருகின்றனவாம்! அதிலும் முதல் வரிசையிலேயே, பாண்டி மாசக் கணக்காகப் பீற்றிக்கொண்ட அந்தப் பேய்க் கேம்! பாழடைந்த ஊர், குழியிலிருந்து எழுந்து வரும் பிணங்கள், நம் கையில் ஒரே ஒரு கோடாலி. மேலே கொட்டை எழுத்தில் பதினெட்டு வயசு முத்திரை. "வந்துருச்சுடா!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன்.

பெரியவர் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என்னப்பா வந்துருச்சு? ரெண்டு கண்ணுலயுமா?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு அந்த நிமிஷமே கேமுக்கு ஆர்டர் போட்டேன். எனக்கு அப்போது முப்பத்தோரு வயசு. ஆனால் பதினெட்டு நிறைந்தது அன்றைக்குத்தான் என்று சொல்ல வேண்டும். ராத்திரி தூக்கமே வரவில்லை. கோடாலியை எப்படி வீசுவது என்று படுத்தபடியே கையைச் சுழற்றிப் பார்த்து, சுவர் ஃபேன் கயிற்றை அறுத்தேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சிக்கலின் பெயர் சவரி வாத்தியார். ஜெனிட்டாவின் அப்பா. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்கிறவர். வரன் பேசும்போது அவர் சம்பளம் கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பையனுக்கு இந்த வெட்டுக் குத்து கேம் வெளையாடுற பழக்கம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. இன்னைக்கு டிவியில வெட்டுறவன் நாளைக்கு வீட்டுல கத்தியெடுப்பான். எம்பள்ளிக்கூடத்துல நான் பாத்திருக்கேன்."

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "வேளாங்கண்ணி மாதா சத்தியமாச் சொல்றேன் வாத்தியாரே, எம்புள்ள முயலுக்குக் கேக்கு குடுக்குறவன்."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். தட்டு மாற்றியாகிவிட்டது. ஆக, அந்தச் சம்பந்தமே முயலின் தயவில்தான் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் பங்குச் சாமியார், அதாவது எங்கள் கோவில் பாதிரியார், முன்னால் போய் மந்திரம் ஒப்பிக்க வேண்டும். பரலோக மந்திரம், விசுவாச மந்திரம், பத்துக் கட்டளை, எல்லாம். அதோடு, "உனக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதமா" என்று சாமியார் தனித்தனியாகவும் கேட்பார். அவருக்குத் திருப்தியானால்தான் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். அதாவது, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஊரறிய அறிவிப்பது. மூன்று ஓலை முடியாமல் தாலி கிடையாது. சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், அப்புறம் ஈஸ்டர் வரை கல்யாணமே கிடையாது. எங்களுக்கு மிச்சம் இருந்தது சரியாக மூன்றே ஞாயிறு. வாத்தியார் முன்னாடியே சொல்லியிருந்தார். "தவக்காலத்துக்கு முந்தி முடியலைன்னா இது ஆண்டவர் சித்தம் இல்லைன்னு நெனச்சுக்குவேன். ஒட்டன்சத்திரத்துல ஒரு இன்ஜினியர் பையன் வீட்டுல இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

அந்த இன்ஜினியரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவன் என் கனவில் வந்தான். கடையில் கண் சோதனை அட்டைக்குப் பக்கத்தில் விசுவாச மந்திரத்தை ஒட்டி வைத்து மனப்பாடம் செய்தேன். (ரெண்டு பேர் அதையும் சேர்த்து வாசித்துவிட்டுப் போனார்கள்.)

வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பவுடர். அம்மா முன்னாலேயே ஆட்டோவில், கோவிலை ஒட்டியிருக்கிற சாமியார் பங்களாவுக்குப் போய்விட்டாள். நான் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது போன் வந்தது. "சார், கொரியர். பார்சல் ஒண்ணு இருக்கு, வீட்ல இருக்கீங்களா?"

புத்தி உள்ளவன் என்ன சொல்லியிருப்பான்? நாளைக்குக் கொடுங்கள் என்றிருப்பான். நான், "அண்ணே, நேரா சாமியார் பங்களா கேட்டுக்கு வந்துருங்க! வாரேன், பறந்து வாரேன்!" என்றேன்.

கேட் வாசலில் வேப்ப மரத்தடியில் வைத்துப் பிரித்தேன். அட்டைப்படத்தில் பாதி முகம் அழுகிய ஒரு பிணம், கோடாலி, கோடாலியிலிருந்து சொட்டும் ரத்தம். அடா அடா, என்ன லட்சணம்! டப்பாவைத் திறந்தேன். உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை. அதைப் பெட்டியில் சொருகினால்தான் கேம் ஓடும். அந்தத் துக்கினியூண்டு அட்டையிலும் அதே பிணத்தை அச்சடித்திருந்தான் மகராசன். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இவ்வளவு சின்னதுக்குள் ஒரு சுடுகாடே இருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அப்போது பின்னால் வாத்தியாருடைய மொபெட் சத்தம்.

டப்பாவை ஒளிக்க வேண்டும். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். அடியில் மழைக்கோட்டு, டிபன் கேரியர், கடைச் சாமான். டப்பாவை உள்ளே திணிக்க ரெண்டு கையும் வேண்டியிருந்தது. அதனால், டெய்லர் ஊசியைக் கவ்வுகிற மாதிரி, அந்தச் சின்ன அட்டையை உதட்டில் கவ்விக்கொண்டேன். திணித்தேன். சீட்டை அமுக்கி மூடினேன்.

"என்ன மாப்ள, நமக்கு முந்தியே வந்தாச்சா!" என்று வாத்தியார் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். ஹெட்மாஸ்டர் தட்டு. அட்டை உள்ளே போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

சட்டைப் பையில் போட்டிருக்கலாம், வேட்டி மடிப்பில் செருகியிருக்கலாம், கொரியர்காரரிடமே கொடுத்து அனுப்பியிருக்கலாம். இப்போது எனக்கு ஆயிரம் இடம் தோன்றுகிறது. அப்போது வாய் ஒன்றுதான் இருந்தது.

முதல் ரெண்டு நொடி ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது நொடியில் கசந்தது பாருங்கள், ஐயோ! வேப்பெண்ணெய், நிலவேம்புக் கஷாயம் எல்லாம் அதற்கு முன்னால் பால்கோவா. நாக்கு சுருண்டது, காது அடைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடக் கூடாது என்று கம்பெனிக்காரனே அந்த அட்டைகளில் கசப்பு தடவித்தான் அனுப்புகிறான் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஏதோ விஷம் என்றே நினைத்தேன். செத்தாலும் ஓலை வாசித்த பிறகு சாகலாம் என்று வாயை இறுக்கிக்கொண்டேன்.

வாத்தியார் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். மொபெட்டில் கூட வந்த ஜெனிட்டாவும் பின்னால் வந்தாள். சாமியார் வந்தார். ஒல்லியான மனுஷன், மெல்லிய குரல். எல்லோரும் கை கூப்பி "ஸ்தோத்திரம் சாமி" என்றார்கள். நான் "ம்ம்ம்ம்ம் ம்ம்" என்றேன். அவர் என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு உட்காரச் சொன்னார்.

முதலில் ஜெனிட்டா ஒப்பித்தாள். தங்கு தடை இல்லாமல், வாய்ப்பாடு மாதிரி. நான் எச்சிலை விழுங்கி விழுங்கிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பெருமையாக வாத்தியார் பக்கம் சாய்ந்து, "மந்திரத்தைக் கேட்டு எம்புள்ள எப்படி உருகுறான் பாருங்க" என்றாள்.

"ம், இப்ப நீ சொல்லுப்பா. பரலோக மந்திரம்" என்றார் சாமியார்.

அட்டையைக் கன்னத்துக்குள் தள்ளிவிட்டு வாயைத் திறந்தேன். "பயயோயத்தில்..." அதற்கு மேல் முடியவில்லை. உடம்பு உதறியது.

"தண்ணி குடி, தண்ணி குடி" என்று டம்ளரை நீட்டினார். குடித்தேன். அதுவரை நாக்கில் மட்டும் இருந்த கசப்பு தொண்டை, மூக்கு, மூளை எல்லா இடத்துக்கும் பரவியது.

சாமியார் என்னையே பார்த்தார். பிறகு மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "தம்பி, பயப்படாத. இந்தப் பொண்ணைக் கட்டிக்க உனக்கு முழுச் சம்மதமா?"

சம்மதமாவா! கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்த வேண்டும் போலிருந்தது. சரியாக அந்த நேரத்தில் ஒரு கசப்பு அலை வந்து தலையை இடதும் வலதுமாக உலுக்கியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"ஓ" என்றார் சாமியார். "யாராச்சும் கட்டாயப்படுத்துறாங்களா? அம்மாவா?"

நான் அதற்குள் சமாளித்து, முதல் கேள்விக்கான பதிலாக, தலையை மேலும் கீழும் பலமாக ஆட்டினேன்.

தனியாக இருந்தபோதே துப்பித் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. துப்பினால் அந்தப் பிணத்தின் முகம் வெளியே வரும். சாமியார் வாத்தியாரைக் கூப்பிடுவார். வாத்தியார் ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போடுவார். ஜெனிட்டா போய்விடுவாள். எனக்கு அந்தப் பயம்தான். கசப்பைக்கூடத் தாங்கிவிடலாம் என்றிருந்தது.

சாமியார் கதவைத் திறந்து எல்லோரையும் கூப்பிட்டார். "வாத்தியாரே, மன்னிக்கணும். ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்க முடியாது. பையனுக்கு மனசு இல்ல. அம்மா கட்டாயத்துக்காக வந்திருக்கான்."

"நானா! ஐயோ அப்பு, நானா உன்னையக் கட்டாயப்படுத்துனேன்?" என்று அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எம்மகளுக்கு என்னய்யா கொறச்சல்? புடிக்கலைன்னா அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?" என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். யாருக்கு என்று எனக்குத் தெரியும். நான் கையை ஆட்டினேன், காலை உதைத்தேன், "ம்ம்ம்! ம்ம்ம்!" என்றேன். போகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் இன்னும் கோபமானார்.

ஜெனிட்டா மட்டும் அழவில்லை. தப்பாகப் போன கணக்கைப் பார்க்கிற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராக என் முன்னால் வந்து, உள்ளங்கையை என் தாடைக்குக் கீழே நீட்டினாள்.

"துப்புங்க."

"ம்ஹூம்."

"அந்தோணி, துப்புங்க."

அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. துப்பிவிட்டேன்.

அவள் கையில் எச்சிலுக்கு நடுவில் பிணம் சிரித்துக்கொண்டு கிடந்தது. வாய் காலியான மறு நொடி நான் கத்தினேன். "சம்மதம் சாமி! முழுச் சம்மதம்! இவங்கதான் வேணும், வேற யாரும் வேணாம்! அது கேம் சாமி, பார்சல் இப்பத்தான் வந்துச்சு, வாயில வச்சுட்டேன், கசப்புல பேச முடியல!"

வாத்தியார் கையில் வாங்கிப் பார்த்தார். "இந்தா, பிளாஸ்டிக்கு எப்படிய்யா கசக்கும்? காலம் பூராப் பயலுக சொல்ற பொய்யைக் கேட்டுத்தான் நான் பென்ஷன் வாங்குறேன். கல்யாணம் வேணாம்னு சொல்லத் தைரியமில்லாம இது மேல பழியப் போடுறியா?"

"அப்பா, நெசமாவே கசக்கும்பா" என்றாள் ஜெனிட்டா. "பெங்களூர்ல அக்கா மகன் வாயில போட்டுட்டு இதே மூஞ்சியத்தான் வச்சிருந்தான். ஏன் இப்படி அழுகுறான்னு நானும் நக்கிப் பாத்தேன்."

சந்தேகம் வந்தால் நக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற பெண்! எனக்கு அவள் மேல் இருந்த ஆசை அந்த இடத்தில் ரெண்டு மடங்கானது.

"நீ சும்மா இரு, அவனுக்குப் பரிஞ்சு பேசாத" என்றார் வாத்தியார்.

சாமியார் கையை நீட்டி அட்டையை வாங்கினார். அங்கியில் நன்றாகத் துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நாக்கு நுனியில் வைத்தார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"சேசு மரி சூசையே!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த மெல்லிய குரலில் அப்படி ஒரு சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் பங்குக்கே தெரிந்திருக்கும். "வாத்தியாரே, பையன் சொல்றது உண்மை!"

வாத்தியார் விடுகிற ஆளா? "குடுங்க சாமி." அவர் எதையும் முழுசாகச் செய்கிறவர். நுனி நாக்கோடு நிறுத்தவில்லை, ஐஸ்கிரீம் மாதிரி நக்கினார். அடுத்த நொடி வெளிக் குழாயடிக்கு ஓடினார். அங்கே அவர் துப்பிய சத்தம் கோவில் மணியைவிடத் தெளிவாகக் கேட்டது. "எனக்கு வேணாம்பா, நான் நம்புறேன்" என்று அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியார் சமையலறைக்குக் குரல் கொடுத்துச் சீனி டப்பாவை வரவழைத்தார். ஆளுக்கு ஒரு கை சீனியை வாயில் போட்டுக்கொண்டு நின்றோம்.

வாத்தியார் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "கசப்பு நெசந்தான். சரி, இந்தப் பொணம்? முயலுக்குக் கேக்குன்னு சொன்னீங்களேம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சீனியைப் பார்த்தேன்.

"அந்தப் பொட்டிக்கு இப்பத்தான் பெரியவங்க கேம் வர ஆரம்பிச்சிருக்கு மாமா" என்றேன். "செத்தவங்க எந்திரிச்சு வருவாங்க. நாம கோடாலியால..."

"ஏம்ப்பா" என்றார் சாமியார், "செத்தவங்க எந்திரிச்சா நாங்க அல்லேலூயா பாடுவோம். நீ கோடாலியால வெட்டுவியா?"

"இவங்க வேற மாதிரி எந்திரிச்சவங்க சாமி."

ஜெனிட்டாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வாயிலிருந்த சீனி தெறிக்கச் சிரித்தாள். வாத்தியார் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கண் வீங்கி, பவுடர் எல்லாம் கோடு கோடாக வழிந்திருந்தது.

"டப்பாவைப் பிரிச்சதுக்கே இம்புட்டு அழுதவன் யாரைப் போயிக் குத்தப் போறான்? ஓலையை வாசிங்க சாமி" என்றார்.

எனக்கு அவர் காலில் விழத் தோன்றியது. விழுந்தும்விட்டேன். பிறகு எழுந்து நின்று எல்லா மந்திரத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். 'கொலை செய்யாதே' வந்தபோது மட்டும் சாமியார் கையைக் காட்டி நிறுத்தி, மேஜையில் கிடந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே, "அதை மட்டும் இன்னொரு தடவை" என்றார். அட்டையைத் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். கல்யாணம் முடிந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

மூன்று ஓலையும் முடிந்து, தவக்காலத்துக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம். கோவில் நிறைய ஜனம். யாருடைய கட்டாயமும் இல்லாமல் முழு மனசோடு வந்திருக்கிறீர்களா என்று கேட்க வேண்டிய இடம் வந்தது. சாமியார் என் பக்கம் குனிந்து, ரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் அங்கியில் மாட்டிய மைக் அவருக்கு மறந்துபோயிருந்தது. "வாயில ஒண்ணும் இல்லியே?"

கோவிலே அதிர்ந்தது. பாட்டுக் குழு பெண்கள் ஆர்மோனியத்தின் மேல் சாய்ந்து சிரித்தார்கள். நான் பயபக்தியோடு "ஆ" என்று திறந்து காட்டினேன். போட்டோகிராபர் அதைத்தான் பெரிசு பண்ணிச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பேய்க் கேமையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான மறுநாளே ஆசையாக மாட்டி உட்கார்ந்தேன். முதல் பிணம் கதவைத் தட்டியதும் நான் தலையணைக்குப் பின்னால் போய்விட்டேன். "இங்க குடுங்க" என்று ஜெனிட்டா வாங்கி, ஒரே வாரத்தில் ஊரையே சுத்தம் பண்ணி முடித்தாள். சவரி வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, "பின்னால ஒருத்தன் வாரான் பாரு, விடாத, போடு!" என்று சொல்லிக் கொடுத்தார். நான் மறுபடியும் முயலிடமே போய்விட்டேன். பாண்டி போன் பண்ணினால் இப்போது அவளிடம்தான் பேசுகிறான்.

போன மாதம் ஜெனிட்டாவின் சித்தப்பா மகளுக்கு மந்திரம் ஒப்பிக்கும் நாள். மாப்பிள்ளை வத்தலக்குண்டுப் பையன், பாவம், பயத்தில் வியர்த்து வழிந்துகொண்டு சாமியார் முன்னால் நின்றான். சாமியார் வாயைத் திறப்பதற்குள் என் மாமனார் எழுந்து போய், "மாப்ள, ஒரு நிமிஷம். ஆ காட்டுங்க" என்றார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் திருதிருவென்று விழித்துக்கொண்டே வாயைத் திறந்தான். மாமனார் போனில் டார்ச்சைப் போட்டு இடது கன்னம், வலது கன்னம், நாக்குக்கு அடி எல்லாம் நிதானமாகப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு சாமி" என்றார். "இப்பக் கேளுங்க."